யார்மேல் இரங்குவது

தண்டையார்பேட்டை
ஆகஸ்டு 1953, வியாழன் மத்தியானம்

என் கண்ணான மகள் ஃப்ளோராவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் அப்பாவும் நானும் உன் தங்கை ஞானப்பூவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். லக்னோவில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் ஜெபித்துக்கொள்கிறோம். உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மனசைப் பற்றிச் சொல்லப்போனால், எனக்குப் பயமாயிருக்கிறது மகளே. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால்கூட நெஞ்சு திக்கென்கிறது, இத்தனை வருஷம் கேட்ட சங்குதான். இந்தக் கடிதத்தைக் காலேஜில் மற்ற டீச்சர்மார் முன்னால் வைத்துப் படிக்காதே, உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

போன மாதம் நீ ஒரு கட்டுரை எழுதி, தமிழில் எழுதியிருக்கிறேன் அம்மா, படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள் என்று அனுப்பினாய் அல்லவா, எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை, நான் செய்ததைச் சொல்கிறேன். நம் சபைப் பெண்கள் கூட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைக்கு ஒருத்தி முறை, முறைக்காரி ஏதாவது நல்ல செய்தி வாசிக்க வேண்டும். தூர தேசத்தில் ஊழியம் செய்கிற பிள்ளைகளிடமிருந்து வரும் கடிதங்களை அவரவர் அம்மாமார் எவ்வளவு பெருமையாய் வாசிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் நான் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை என் முறை வந்தது. என் மகளும் தூரத்தில்தானே இருக்கிறாள், அவளும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கத்தானே போயிருக்கிறாள் என்று உன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டாவது போயிருக்கலாம்.

முதல் பக்கம் வாசிக்கும்போதே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆணுக்குப் புத்தி, பெண்ணுக்கு இரக்கம் என்று பெரிய பெரிய தத்துவக்காரர்கள் வெகு காலத்துக்கு முந்தியே பாகம் பிரித்து எழுதிவைத்துவிட்டார்கள், அந்தப் பாகப்பிரிவினை நடந்த இடத்தில் ஒரு பெண்ணும் இல்லை, பனங்காட்டைப் பிரிப்பதானால்கூட அக்காள் தங்கைமாரைக் கூப்பிட்டு ஒரு கைநாட்டாவது வாங்குவார்கள், இதற்கு அதுவும் வாங்கவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் ஒரே சிரிப்பு. அப்படி எழுதினவர்களுக்கு அந்தக் காலத்திலேயே பதில் சொன்ன பெண்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று நினைத்துக்கொண்டேதான் வாசித்தேன்.

இதற்கு நடுவில் பூமாரி விஷயத்தைச் சொல்லவேண்டும். நீ அவளைப் பார்த்ததில்லை. தானியக் கிடங்கில் கூட்டிப் பெருக்குகிறவள். நம் மதம் இல்லை, ஆனாலும் பாட்டுக் கேட்கப் பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமைகளில் வாசல் ஓரமாய் வந்து உட்காருவாள். துறைமுகத்தில் மூட்டை சரிந்து அவள் புருஷன் செத்துப்போனான், கைக்குழந்தை வேறு. நாம் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போட்டுச் சபைக்குக் கொடுக்கிறோமே, அந்தப் பிடியரிசியை இந்த மாதம் பூமாரிக்குக் கொடுக்கலாமா என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கமிட்டியைக் கேட்டிருந்தோம். ரேஷன் காலத்தில் நாம் கஞ்சி குடித்தபோதுகூட அந்தப் பிடியை நிறுத்தினதில்லை, உனக்கே நினைவிருக்கும். அன்றைக்கு நான் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது கமிட்டிச் செயலாளர் வந்து வாசலில் நின்றார். பூமாரி சபையாள் இல்லை, கொடுக்க முடியாது, அரிசி சேர்க்கிறது பெண்கள் வேலை, அது யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறது கமிட்டி வேலை, அதற்குப் புத்தி வேண்டும் என்று சொன்னார். அதை அவள் காதில் விழும்படியே சொன்னார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் இன்னா அரிசி கேட்டேனாம்மா, என்னால உங்களுக்கு எதுக்குப் பேஜாரு, நான் வராம இருந்துக்கினா போச்சு என்றாள்.

நான் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே, இரக்கம் எங்கள் பங்கு என்றால் யார்மேல் இரங்குவது என்று சொல்கிறதும் எங்கள் பங்குதானே என்று ஒரு வாக்கியம் வாசித்தேன். செயலாளர் முகம் சுண்டிப்போய்விட்டது, அது யார் எழுதியது என்று கேட்டார். என் மகள் எழுதியது என்று நானே பெருமையாய்ச் சொன்னேன், என் புத்தியை என்னவென்று சொல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கலயம்கூட முன்னால் போகவில்லை. யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை ஃப்ளோரா, சத்தியமாய்ச் சொல்கிறேன். ஆளாளுக்கு அரிசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பலிபீடத்துக்கு முன்னால் அரிசிப் பெட்டி வெறுமையாய் இருந்ததைப் பார்த்தபோது பிடித்த பயம் இன்றைக்கு வரைக்கும் விடவில்லை.

ஞானப்பூவுக்குக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண ஓலை முதல் தடவை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை அந்த ஞாயிறு வாசித்திருக்க வேண்டும், வாசிக்கவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, உங்கள் மூத்த மகள் அந்த வாக்கியத்தைத் தவறு என்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பட்டும், அது வந்த பிறகு மற்ற ஓலைகளைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பாவின் கருப்பட்டி மண்டிக்கு வருகிற சபை ஆட்கள் இப்போது எதிர்க் கடைக்குப் போகிறார்கள், அதைக்கூட அவர் வீட்டில் வந்து சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கடைப் பலகையில் கரியால் என்னமோ எழுதியிருந்ததை நான் பார்ப்பதற்குள் அழித்துவிட வேண்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி அழிந்திருந்தது, உன் பேர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே இருந்ததைக் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். மாப்பிள்ளை வீட்டார் எண்ணூரிலிருந்து ஆள் அனுப்பி, இன்னும் பத்துப் பதினைந்து நாளில் ஓலை விஷயம் முடியாவிட்டால் வேறு யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஞானப்பூ எனக்கு எதிரே வந்து நின்று, அக்கா ரெண்டு வரி எழுதிட்டா முடிஞ்சிபோகும், அவ மதிப்பு ஒண்ணும் குறைஞ்சிடாது, என் வாழ்க்கை போயிடும்மா என்று அழுதாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

என் பயம் கல்யாணத்தோடு நிற்கவில்லை. கூட்டத்தில் வாசிக்காமல் விட்டுவந்த உன் கடைசிப் பக்கங்களை வீட்டில் வந்து படித்தேன். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு துறைமுகப் பட்டணத்தில் தத்துவம் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆண்பிள்ளைகள் அவள் முன்னால் உட்கார்ந்து படித்தார்களாம். ஒருநாள் அவள் போன வண்டியை மறித்து, அவளை இழுத்து இறக்கி, கோவிலுக்குள் கொண்டுபோய்க் கொன்றார்களாம். கொன்றவர்கள் நம் வேதக்காரர்கள் என்றும் எழுதியிருக்கிறாயே, அது நிஜமா? நிஜமாய் இருந்தாலும் அதை ஏன் எனக்கு எழுதினாய்? கல்யாணத்துக்கு நீ சென்ட்ரலில் இறங்கி ரிக்‌ஷாவில் ராயபுரம் தாண்டி நம் கோவில் தெருவழியாய் வருவதை நினைத்துப் பார்க்கிறேன், அதற்குமேல் நினைக்க முடியவில்லை. நம் ஜனங்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். பலகையில் கரியால் எழுதுவார்கள் என்றும்தான் அவர் நினைத்திருக்க மாட்டார்.

அதனால் இன்றைக்குக் காலையில் அப்பா சொல்படி உன்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டு எழுத உட்கார்ந்தேன். எந்த வாக்கியத்துக்கு மன்னிப்பு என்று நீ ஒரு எழுத்து மாறாமல் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அதிலும் குற்றம் கண்டுபிடிப்பார்கள் என்று, அதைப் பார்த்து எழுதுவதற்காக உன் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. செயலாளர் வந்தபோது நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் இல்லை. ஞானப்பூவைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னேன், அவளும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாகம் பிரித்தது இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது. யார்மேல் இரங்குவது என்ற பேச்சே எங்கும் இல்லை. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. பூமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்த நேரத்தில் என் கண்தான் காகிதத்தில் இருந்தது, வாய் தன்னால் பேசியிருக்கிறது. நீ எழுதாததை உன் பேரில் நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரிய படிப்பில்லாத எனக்கு இது எப்படி வந்தது என்று நினைக்க நினைக்க வேர்த்துக் கொட்டுகிறது. அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், அடுப்படியில் யாரும் இல்லாதபோது. தப்பாய்த் தோன்றவில்லை. அதுதான் இன்னும் பயமாயிருக்கிறது.

நீ எழுதாதே ஃப்ளோரா. அப்பா தனியாய்க் கடிதம் போட்டுக் கேட்டாலும் எழுதாதே, ஞானப்பூ அழுது எழுதினாலும் எழுதாதே. இன்னொருத்தி சொன்னதற்கு நீ எப்படி மன்னிப்புக் கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிற அறைக்கு நானே போய், அதைச் சொன்னது நான்தான் என்று சொல்லப்போகிறேன். அந்த அறைக்குள் பெண்கள் கூட்டிப் பெருக்கத்தான் போயிருக்கிறோம், கமிட்டி நடக்கும்போது போனதில்லை. உள்ளே போனதும் அழுதுவிடுவேனோ, தப்பு என்று ஒத்துக்கொண்டுவிடுவேனோ என்று என்னை எனக்கே நம்ப முடியவில்லை. ஒத்துக்கொண்டால் உன் தங்கைக்குக் கல்யாணம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? ஞானப்பூவிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் மை தீர்ந்துபோனது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்ப் புட்டியை எடுத்துவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பூமாரி இரண்டு வெள்ளியாய் வரவில்லை. நம் வீட்டுக் கலயம் நிறைந்துவிட்டது. சபைக்குக் கொண்டுபோகவும் மனசு வரவில்லை, எடுத்து உலையில் போடவும் கை வரவில்லை. நாளைக்கு அதை அவள் குடிசையில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டுதான் போவேன்.

அந்த ஊரில் மழைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே. தலைக்கு எண்ணெய் வை. சாயங்காலம் தனியாய் வெளியே போகாதே, போக வேண்டியிருந்தால் கூட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வாய்க்கும் உன் எழுதுகிற கைக்கும் காவலாய் இருப்பாராக. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்காக மறக்காமல் முழங்கால் போடு. இந்தக் கடிதம் அதற்குள் உனக்கு வந்து சேராது என்று தெரியும், ஆனாலும் போடு.

இப்படிக்கு,
அந்த வாக்கியத்தைச் சொன்னவள்,
உன் அம்மா சுகிர்தம்