கேதுரு மரத்திலிருந்து எத்தனை காலடி

அன்பு மகள் வினெட்டாவுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் அம்மாவும் நானும் எழுந்து நடமாடுகிறோம், சியாட்டில் மழையில் உன் இருமல் நின்றதா என்று எழுது. இங்கே ஜார்ஜியா வெயிலில் தக்காளி கொடியிலேயே வெந்துபோகிறது.

நம் சீயோன் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர் வரலாற்றுக் குழு ஒரு பலகை வைத்துவிட்டது. நீதிமன்ற வாசலில், நம்மை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்ட தளபதிக்கு இருப்பதுபோலவே பொன்னெழுத்து. அடிமைகளாயிருந்தவர்களும் அவர்கள் சந்ததியும் இங்கே அடையாளமற்ற கல்லறைகளில் உறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து கேட்டுக் கிடைத்தது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் போன சனிக்கிழமை, பலகை நடுமுன், தொண்டர்கள் வந்து இடத்தைச் சுத்தம் செய்தார்கள். உடைந்த தட்டு, விளக்குக் கண்ணாடி, சிப்பி, நின்றுபோன கடிகாரம் எல்லாம் பதினோரு கறுப்புப் பைகளுக்குள் போய்விட்டன. கல் வாங்க வழியில்லாத நம் ஜனம், இறந்தவர் கடைசியாகத் தொட்ட பாத்திரத்தை உடைத்து வைத்துத்தானே இன்னார் இங்கே என்று அறிந்தது. பலகை நடும்போது அதிலிருந்த 'அடையாளமற்ற' என்ற வார்த்தை உண்மையாகிவிட்டது. குழுத் தலைவி மிஸ் பிரெவிட் நல்ல பெண்தான். எவ்வளவு குப்பை பாருங்க டீக்கன், யாரோ வருஷக்கணக்கா கொட்டியிருக்காங்க என்றாளாம். நம் சபை டீக்கன் ஓதெல், ஆமாம்மா, நாங்கதான் நூத்தம்பது வருஷமா கொட்டறோம், அதுல ஒண்ணு எங்கம்மாவோட சூப்புக் கிண்ணம் என்றாராம். அவள் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

அவளைத் திட்டாதே. அந்த வேலைத் திட்டம் மூன்று வாரம் முன்பே எழுத்துப்பிழை பார்க்க என்னிடம்தான் வந்தது. ஒரு காற்புள்ளி, இரண்டு பிழை திருத்திக் கொடுத்தேன். 'குப்பை அகற்றப்படும்' என்ற வரியில் பிழையே இல்லை. மாமா மரத்தில் காய்த்தார் என்று கரும்பலகையில் எழுதி, இலக்கணம் சரி, பொருள் சரியா என்று நாற்பது வருஷம் வகுப்பில் கேட்டவன் நான்.

உன் அக்கா ஜுவெலின் கல்லறையில் வைத்த நீலக் கோப்பை நாலாவது பையில் கிடைத்தது. அம்மா உடைத்த கைப்பிடி ஒன்றைத் தவிர முழுசாக இருக்கிறது. என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அங்கே இப்போது ஒரே சமமாகப் புல். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு சபைக்கூடுகை, பூவோடு நேராக அந்தக் கோப்பையைத் தேடித்தான் நடப்பாள். சனிக்கிழமையிலிருந்து காலையில் மேஜையில் மூன்று கோப்பை வைக்கிறாள். காப்பி ஊற்றியபிறகு, இத யாருக்கு ஊத்தினேன் என்று என்னைப் பார்க்கிறாள். பாத்திரத்த எடுத்துட்டா செத்தவங்க அதத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க வாத்தியாரே என்று ஓதெல் சொன்னபோது சிரித்தேன். காலை வேளைகளில் சிரிப்பு வரவில்லை.

உனக்கு ஏழு வயதில், அம்மா ஜெபிக்கும்போது, கேதுரு மரத்திலிருந்து கிழக்கே அக்காவரை காலடி வைத்துச் சத்தமாக எண்ணுவாய். கல்லறையில் எண்ணக்கூடாது என்று நான்தான் உன் வாயை அடக்கினேன். எண் என்ன என்று கேட்டு வைக்கவில்லை. அதை எழுது. உன் அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து பரணில் இருக்கிறது, காலடி அளவுக்கு அது போதும். போனில் சொல்லாதே, என் காதுக்கு நீ கத்தவேண்டும், அம்மாவுக்குக் கேட்டுவிடும். ஓதெல் முகவரிக்கு அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எண் மறந்துபோயிருந்தால் மறந்தது என்றே எழுது மகளே, ஊகித்து எழுதாதே.

உன் அப்பா,
லெமுவேல் டாகெட்