பெரியப்பாவின் மிச்ச மாத்திரை

செவ்வாய், இரவு

நாளை நடக்க இருந்த அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. பிரமிப்பில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருந்தாளுநர் என்றால் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை தருபவர் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ஆஸ்பத்திரியில் ஒருவர் அம்மாவின் கட்டிலுக்கே வந்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் இந்தியில் கேட்டதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்; வடக்கே குடிவந்து இத்தனை வருஷமாகியும் அவளுக்கு இந்தி வராது.

"நான் ஒரு மருந்தும் திங்கதில்லன்னு சொல்லுட்டி. டாக்டர்கிட்டயும் அதத்தான சொன்னேன்."

அவர் நகரவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "வீட்டில் வேறு யாருடைய மாத்திரையாவது?" என்று கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டாள். "அதுவும் மருந்தா? ஒங்க பெரியப்பா செத்தப்பொறவு மிச்சம் கெடந்த நெஞ்சு மாத்திரைலா. வீணாப் போவக் கூடாதுன்னு தெனம் ஒண்ணு போடுதேன்."

அம்மாவின் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவர் டாக்டருக்குப் போன் செய்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையாம். அறுத்தபின் ரத்தம் சுலபத்தில் நின்றிருக்காது என்றார். டாக்டர், நர்ஸ், அப்பா, நான், யாருக்குமே தோன்றாத கேள்வி! உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "என் அம்மாவும் இப்படித்தான்" என்றார்.

மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நல்லவேள, இன்னொரு அட்டைய எதுத்த வீட்டு ராணிக்குக் குடுத்திட்டேன். அவளுக்கும் நெஞ்சு படபடங்குதாம்."

ராணி அக்கா வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.