நடுங்கியது என் கை இல்லை

அன்பு மகள் ஸ்பேனருக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறான். நீயும் சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே வேறு யாருக்கோ டைப் அடிக்கிறாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. இன்னொரு காரணமும் உண்டு. கையால் எழுதினால்தான் எழுத்து தெரியும். படித்து முடித்ததும் இதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நன்றாகப் பார். எங்கேயாவது ஒரு சுழி கோணியிருக்கிறதா, ஒரு புள்ளி தள்ளி விழுந்திருக்கிறதா என்று பார். பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று சொன்ன அதே வாயால் இன்னொரு தடவை சொல், கேட்கிறேன்.

நடந்ததை உன் அண்ணன் வாயால்தானே கேட்டாய், இப்போது என் கையால் கேள். நானும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு நம் சிவப்பு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா வழக்கம்போல உங்க சக்களத்தி இன்னைக்கு ஏன் முனகுறா என்று வண்டியைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தாள். செடி விற்கிறவர் கடைக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறதல்லவா, அங்கே எதிரே ஒரு லாரி அகலமாகத் திரும்பியது. நான் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வெளியே போயிற்று, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தேன், அதற்குள் முழுசாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி வேலியில் போய் நின்றது. செடிக்காரரின் தொட்டிகள் சில உடைந்தன. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. அம்மா எதிரே ரோட்டைப் பார்த்துவிட்டு, வீடு இந்தப் பக்கம் இல்லையே என்றாள். அவளுக்கு அந்த நேரத்திலும் அப்படித்தான் வரும்.

அண்ணன் வந்தான். வேலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வண்டியை மட்டும் பார்க்கவில்லை. சின்னப் பையனிடம் இருந்து கத்தியை வாங்குகிற மாதிரி சாவியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டான். அங்கேயே நின்று ஸ்பீக்கரில் உனக்குப் போன் போட்டான். நீ என்ன சொன்னாய்? அண்ணா, அப்பாவுக்கு ரிஃப்ளெக்ஸ் போயிடுச்சு, போன தடவை வந்தப்பவே கை லேசா நடுங்குச்சு, சாவிய நீயே வச்சுக்க, பேசாம வண்டிய வித்துடலாம் என்றாய். செடிக்காரர் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரன் கேட்டான். பெற்ற மகள் சொன்னதை ரோடே கேட்டது. அடியே, ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வாங்கியவள், வண்டி படிப்புப் படித்தவள் நீ. சுற்றிய வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாயா? ஈரமா, காய்ந்த ரோடா, டயர் எப்படி, கால் எங்கே இருந்தது, எதுவுமே கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் கிழவன் தலையில் தூக்கிப் போட்டாய்.

மறுநாளே உன் அண்ணன் என்னைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். என்னை! ஆயுசு முழுக்கக் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே கண் பார்த்தவனை! நாற்காலியில் உட்கார வைத்து அந்தப் பெண் கீழ்வரியைப் படிங்க தாத்தா என்றாள். படித்தேன், அதற்குக் கீழே அந்தப் பலகையை அச்சடித்த கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் சேர்த்துப் படித்தேன். பிறகு டாக்டரிடம். மூக்கைத் தொடு, விரலைத் தொடு, கோட்டில் நட. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் உன் அண்ணன், அதெல்லாம் சரிப்பா, ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல என்கிறான். பாஸ் பண்ணினாலும் ஃபெயில் போடுகிற வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன். வண்டியை வாங்க ஒரு ஆளையும் பேசி வைத்துவிட்டான். நானும் அம்மாவும் கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி, இரண்டே சீட்டுதான், பிள்ளைகள் பிறந்தால் எங்கே உட்கார வைப்பீங்க என்று அவள் அப்பா கேட்ட வண்டி. அதற்குத்தான் விலை பேசுகிறான்.

விற்பதற்கு முன்னால் சரி பண்ணிக் கொடு என்று அவனே மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்தான். மீசைக்காரர்தான், உனக்குத் தெரியும். அவர் லிஃப்டில் தூக்கினார். சக்கரம் நான்கும் அந்தரத்தில் தொங்க, கீழே நின்று கம்பியால் இங்கே அங்கே நெம்பிப் பார்த்தார், ரப்பரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு சார் என்றார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார், டயருக்குக் காற்றை மாற்றினார், அலைன்மென்ட்டும் பார்த்தார், எல்லாம் ஒரே நாளில். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே ஓட்டினார். அதே வளைவு, காலை எடுத்தார், பின்பக்கம் சுளுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது. மனுஷன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும் என்றார். நான் ஓட்டினால் எனக்கு வயசாகிவிட்டது, அவர் ஓட்டினால் வண்டிக்கு வயசாகிவிட்டது! இது எந்த ஊர் நியாயம்?

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. எங்கள் தொழிலில் கண்ணில் ஒரு லென்சைப் போட்டு, இது தெளிவா, இல்லை இது தெளிவா என்று ஒவ்வொன்றாகத்தான் மாற்றிக் கேட்போம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது எது உதவவில்லை என்று எவனுக்கும் தெரியாது. மீசைக்காரரிடம், இனிமேல் நான் சொல்கிற வரிசையில் ஒன்று ஒன்றாக மாற்றுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் செய்தார். பின் டயரை இடம் வலமாக மாற்றிப் போட்டோம், வெட்டு அதே பக்கம்தான். அப்படியானால் டயர் இல்லை. ஷாக் புதுசு, அப்படியும் வெட்டுகிறது, அதனால் அதுவும் இல்லை. அப்போது உன் அம்மா ஒன்று சொன்னாள் பார். வளைவே வேண்டாங்க, நேர் ரோட்டுலயே கால அழுத்தினா ஒரு பக்கம் ஒதுங்குறா, கால எடுத்தா இன்னொரு பக்கம் ஒதுங்குறா, ரொம்ப நாளா இடுப்ப ஆட்டிக்கிட்டுதான் வர்றா, எனக்குத்தான் முதுகு வலிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன் என்றாள். குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலி ரோட்டில் போய்ப் பார்த்தோம். அழுத்தினால் வலது, எடுத்தால் இடது. ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை, பின்பக்கம் தானாகவே ஸ்டியரிங் திருப்புகிறது! அப்படியென்றால் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை, ஆர்ம் என்பாயே, அது வண்டியோடு சேருகிற ரப்பர் புஷ்ஷில்தான் கோளாறு.

மீசைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்டில் பார்த்தேனே சார், புது ரப்பர் என்று சாதித்தார். நான் சொன்னேன், ஐயா, கண்ணாடியை மேஜை மேல் வைத்துப் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் நேராகத்தான் இருக்கும், மூக்கில் ஏறினால்தான் எது கோணல் என்று தெரியும், தொங்குகிறபோது பார்த்தது போதும், நிற்கிறபோது பாருங்கள் என்றேன். பக்கத்துத் தெருவில் பள்ளம் வெட்டிய பழைய ஒர்க் ஷாப் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி அவர் கீழே இறங்கினார். நான் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரைப் போட்டு க்ளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விட்டேன், பிறகு ரிவர்ஸில் போட்டு அதே மாதிரி. கீழே இருந்து ஒரே சத்தம். சார் சார், கை நகருது சார், விரல் அகலத்துக்கு நகருது! இடதுபக்க ரப்பர் சுற்றிலும் கிழிந்து வெறும் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது. வலதுபக்கம் பாதி கிழிந்து காத்திருந்தது. உன் அண்ணனும் வந்திருந்தான், வண்டியை வாங்க வந்த ஆளோடு. அவனையே குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தான்.

இப்போது நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. புது ரப்பர் இவ்வளவு சீக்கிரம் ஏன் கிழிந்தது என்று நான் கேட்டேன். மீசைக்காரர் போல்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். இதப் போட்டவங்க வண்டிய ஸ்டாண்டுல ஏத்தி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்ட முடுக்கிட்டாங்க சார், அது அந்த நிலையிலேயே பிடிச்சுக்குச்சு, வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிச்சு, அன்னையில இருந்து நிக்கும்போதும் ஓடும்போதும் முறுக்கிக்கிட்டேதான் இருந்திருக்கு, திரும்பத் தூக்கினா முறுக்கு விட்டுப் புதுசு மாதிரி தெரியுது, அதான் நான் ஏமாந்துட்டேன், எந்தப் புண்ணியவான் சார் இந்த வேலையப் பார்த்தது என்றார். எந்தப் புண்ணியவான்! போன லீவில் போர்ட்டிகோவில் பாயை விரித்துப் படுத்து, என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கெல்லாம் கிரீஸோடு, பாருங்கப்பா எப்படி டைட்டா நிக்குதுன்னு என்று ஒருத்தி சொன்னாளே, அவள் முகம்தான் கண்ணில் வந்தது. நான்தான் டார்ச் பிடித்தேன். முடுக்கி முடித்த பிறகுதான் ஜாக்கியை இறக்கினாய். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கண் மட்டும் இல்லை, அதுவும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்க வந்தவர் நின்றார். நான்தான் முடுக்கினேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே, எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அப்பா அம்மாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தாயே என்று அவன் உன்னிடம் கத்துவதை நினைத்தேன், வாய் முந்திக்கொண்டது. அவனுக்குச் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. பாருங்க, முடுக்கத் தெரியாம முடுக்கி, அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டியிருக்கீங்க, இதுக்கு மேலயும் சாவி கேப்பீங்களா என்றான். வண்டி நிரபராதி என்று நிரூபித்த அன்றைக்கே நான் மறுபடியும் குற்றவாளி ஆனேன். சாவி அவன் அலமாரியில் இருக்கிறது. வாங்க வந்தவர் ரப்பரை மாற்றினதும் சொல்லுங்கள் என்று போயிருக்கிறார். அங்கே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வீட்டுக்கு வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், உங்க மக உங்க கையக் குறை சொல்லுவா, அவ கைக்கு நீங்க ஜாமீன் போவீங்களா என்று. நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆகவே விஷயம் இதுதான். உன் மேல் எனக்கு வந்த கோபம் தீரவில்லை, தீரவும் தீராது. தப்பாக முடுக்கியதற்கு இல்லை, நல்ல எண்ணத்தோடு செய்த வேலை, கெட்டுப்போனது, போகட்டும். பார்க்காமலே என்னைக் கழித்துக்கட்டினாய் பார், அதற்குத்தான். உன் அண்ணனிடம் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை சொன்னது சொன்னதுதான். மாற்றிச் சொல்ல வேறு ஒருத்தி இருக்கிறாள், இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டு. அவள் சொன்னால் சாவி வரும், சொல்லாவிட்டால் வண்டி போகும். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

புது ரப்பர் வந்து என் அலமாரியில் இருக்கிறது, மீசைக்காரரைத் தொட விடவில்லை. வந்து நீயே போடு. போல்ட்டை விரலால் மட்டும் போட்டுவிட்டு, வண்டியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நிற்க, நானும் அம்மாவும் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு முடுக்கு. மழையில் நனைந்துகொண்டு வேலைக்கு ஓடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அம்மா முதுகுவலி இல்லை என்று சொல்லச் சொன்னாள், அது வண்டிக்குத்தானாம். நீ என்ன செய்தாலும் நன்றாக இரு, நூறு வயசு வாழ், உன் கையில் எடுத்த வேலை விளங்கட்டும்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்த
உன் அப்பா

பின்குறிப்பு: டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். நான்தான் பிடிப்பேன். நடுங்குகிறதா என்று அப்போது பார்த்துக்கொள்.