செவ்வாய்க் காற்றும் என் இடது கண்ணும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நானும் நலம், ஒரு சின்ன விஷயம் தவிர.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் இரும்புத் தொட்டிக்குள் செவ்வாய்க் கிரகத்தின் மெல்லிய காற்றை உண்டாக்கி மணலை ஓடவிடுகிறோம். முதல் மணல்துகளைக் கிளப்பத்தான் பலத்த காற்று வேண்டும். அது துள்ளி விழுந்து மற்றவற்றைத் தட்டிவிட்டால், பிறகு இளங்காற்றே போதும். நேற்று அதைக் கண்ணாரப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில், சோதனை முடிந்து தொட்டிக்குள் வெளிக்காற்றை நிரப்பியதும், விசிறி நிற்குமுன்பே மூடியைத் திறந்துவிட்டேன். மணல் முகத்தில் அடித்தது.

“கண்ணைத் தேய்க்காதீங்கம்மா!” என்று மெக்கானிக் அண்ணன் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இடது கண்ணில் கட்டு. பார்வை வந்துவிடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

கொஞ்ச நாள் கான்டாக்ட் லென்ஸ் போடக் கூடாது, அதனால் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். அதிக நேரம் படிக்கக் கூடாதாம், நீங்கள் ஏதாவது பேசிப் பதிவுசெய்து அனுப்பினால் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டால், என் போன் கேமரா கெட்டுவிட்டதென்று சொல்லுங்கள்.

நர்ஸ் மருந்துவிட வந்துவிட்டார்.

உங்கள் மகள்