மாமாவுக்கு ஏற்ற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஸ்டோர் கவுண்டரில் பதினோரு சக்கரம் எடுத்துக் கொடுத்தேன். நான்கு ஸ்ட்ரெச்சருக்கு, ஆறு சாப்பாட்டு வண்டிக்கு. பதினோராவது எதற்கு என்று வாங்க வந்தவனுக்கே தெரியவில்லை. நானே மாட்டினால் பத்து நிமிஷ வேலை. ஆனால் நான் மாட்டக் கூடாது. எடுத்துக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக என் வேலை அவ்வளவுதான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதிலிருந்து தூண்டில் பைத்தியம் பிடித்து அலைகிறார். மாமாவுக்கு இப்போது ஒரு வண்டி வேண்டுமாம். கழிகள், ஐஸ் பெட்டி, இரைப் பெட்டி, வாளி, மடக்கு நாற்காலி, குடை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ரோடு முடிகிற இடத்திலிருந்து மணலும் கூழாங்கல்லும் தாண்டிக் கடலோரப் பாறை வரைக்கும் போக வேண்டும்.

"நம்பி எடுத்துட்டுப் போற மாதிரி நீதான் பார்த்து வாங்கித் தரணுமாம். சக்கரம்னா நீதானேன்னு மாமாவே சொல்றாருடா."

சக்கரம்னா நானா! இதை அந்த வாயா சொல்கிறது?

பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

மறந்துபோய் மனசு இளகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

பத்தொன்பது வருஷம் இதே ஆஸ்பத்திரியில் மாமாவின் கீழே ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். அவர் போகிற வருஷம், அடுத்த தலைமை மெக்கானிக்காக யாரைப் போடலாம் என்று மேலதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே ஸ்டூலில் நான். மாமாவின் குரல் நன்றாகவே கேட்டது: "நல்ல பையன்தான் சார். ஆனா கை நடுங்குது."

ஐம்பத்தோரு வயதுப் பையன்! அந்த வாரம் எனக்குக் கடும் ஜுரம். அவர் கையில் மாத்திரை கொடுத்தனுப்பியதே அக்காதான். தெரிந்தேதான் சொன்னார். அடுத்த மாதம் என்னை ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டார்கள். பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்" என்று தோளில் தட்டினார்.

அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது. மூன்று வருஷமாகக் கறுவிக்கொண்டிருக்கிறேன். அவரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அதுவும் அத்தனை தூண்டில்காரர்களும் பார்க்க, நடு மணலில்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு கடை ஏறி இறங்கினேன். நல்ல வண்டி வாங்குவது சுலபம். ஒழுங்காகக் காலை வாரிவிடுகிற வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மட்டமான வண்டி என்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். மாமாவும் அந்தத் தொழிலில்தானே இருந்தார்! பார்க்க ராஜா மாதிரி இருக்க வேண்டும். முதல் சில தடவை ஓடவும் வேண்டும். அவர் நாலு பேரிடம் பெருமையடித்த பிறகு விழ வேண்டும்.

முதல் கடையில் இருந்த கட்டிட வேலைக் கைவண்டி ஒற்றைச் சக்கரம், முரட்டு இரும்பு. அது பத்து வருஷம் உழைக்கும், வேண்டாம். இரண்டாவது கடையில் அகலமான பலூன் சக்கரம் போட்ட ஒன்று. அழுத்திப் பார்த்தேன், காற்றுத் தலையணை போல அமுங்கியது. மணலில் மிதக்கும். பேரிங் இல்லை, அச்சைச் சுற்றி வெறும் நைலான் புஷ். உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அருமையான வண்டி. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வண்டியின் படம் வரைந்துகொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பெத்த பொண்ணுக்குக்கூட நீங்க இவ்வளவு அலைஞ்சு மாப்பிள்ளை பார்க்கல."

"மாமாவுக்குன்னா சும்மாவா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 15, சனி

கிடைத்துவிட்டது!

மூன்றாவது கடையில், ஜன்னல் ஓரம், விளக்குக்குக் கீழே பளபளவென்று. மடக்கலாம். கழிகளைச் செருக ஆறு குழாய். டம்ளர் வைக்கக்கூட ஒரு வளையம். கடைக்காரம்மா தரையில் இழுத்துக் காட்டினாள், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. டைல்ஸில் எதுதான் போகாது?

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் இரண்டு விரல் அகலம்தான், கெட்டிப் பிளாஸ்டிக். ஈர மணலில் கத்தி போல இறங்கும். உள்ளே சாதா இரும்பு பேரிங். ஒரு மாதத்தில் உப்பு தின்றுவிடும். சக்கரம் கடைசி முனையில் இருப்பதால் பாதிச் சுமை இழுக்கிறவன் கையில் தொங்கும். இதெல்லாம் சில்லறை. அச்சின் முனையில் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஊக்கு கனமுள்ள ஒரே ஒரு பின்! பேரிங் இறுகினால் சக்கரம் சுற்றாமல் பின்னை அறுக்கும். பின் போனால் சக்கரம் போயிற்று. சக்கரம் போனால் மாமாவின் சாமான் முப்பத்தைந்து கிலோவும் சாய்ந்துவிடும்.

"ரொம்பப் பொறுமையா பார்க்கிறீங்களே. இப்படித் திருப்பிப் போட்டு யாருமே பார்க்க மாட்டாங்க" என்றாள் கடைக்காரம்மா.

மார்ச் 16, ஞாயிறு

கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பிடியை மாமாவின் உயரத்துக்கு இழுத்துப் பூட்டிவிட்டேன். ஆள் ஆறடி. தெரு முனை வரைக்கும் ஒரு நடை இழுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தார், முகமெல்லாம் பல். "பார்த்தியா, என்ன இருந்தாலும் என்கிட்டே தொழில் பழகினவன்!" என்று அக்காவிடம் சொன்னார். தோளில் தட்டவும் தட்டினார். அதே தோள்.

தட்டுங்க மாமா, தட்டுங்க.

அக்கா எனக்குப் பிடிக்குமே என்று பொரித்த மீன் வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

போன் செய்து விசாரித்தேன். ஜம்மென்று ஓடுகிறதாம். தூண்டில்காரர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம். கேட்கட்டும். கூட்டம் சேரட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

இன்னும் ஓடுகிறது, சனியன்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா போனில் பேச்சோடு பேச்சாக, "சக்கரம் கொஞ்சம் கீச்சுக் கீச்சுங்குதுடா" என்றாள். எண்ணெய் விடச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மத்தியானம் முழுக்க ஒரே குஷி. நோட்டில் தப்புத் தப்பாக எழுதி இரண்டு பக்கம் அடித்துத் திருத்தினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா. அக்காவுக்கு அடி.

இடது கால். இரண்டு விரல் எலும்பு போச்சு, பாதமெல்லாம் வீங்கிக் கறுத்துக் கிடக்கு. நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாங்க. நான் ஓடுறேன், எதிரே சக்கர நாற்காலில அவளைத் தள்ளிட்டு வர்றாங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. அந்த நிலைமையிலயும் சிரிக்கிறா.

வண்டியை இழுத்தது அவள்தானாம். இன்றைக்கு மட்டும் இல்லை, முதல் நாளிலிருந்தே அவள்தான். பாறையில் யார் முதலில் போய் உட்காருகிறாரோ அவருக்குத்தான் அந்த இடம், அது அங்கே எழுதாத சட்டம். அதனால் மாமா கையை வீசிக்கொண்டு முன்னால் ஓடி இடம் பிடிப்பார். பின்னால் அக்கா, அறுபது வயதில், முப்பத்தைந்து கிலோவை இழுத்துக்கொண்டு. கூழாங்கல் சரிவில் ஏறும்போது சக்கரம் கழன்றிருக்கிறது. ஐஸ் பெட்டி அப்படியே பாதத்தில்.

பத்தொன்பது வருஷம் அந்த மனுஷனின் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் பின்னால் போனவன் நான். ஒருநாள், ஒரே ஒருநாள் அவர் தன் பெட்டியைத் தானே தூக்கிப் பார்த்திருக்கேனா? அவர் வண்டி இழுப்பார்னு நான் எப்படிடா நினைச்சேன்? வேற யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிய வேண்டாமா?

எண்ணெய் விடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா -

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவைப் பார்க்கப் போனேன். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். கட்டிலின் கீழே, செய்தித்தாளில், அந்தச் சக்கரமும் அறுந்த பின்னும் இருந்தன. அக்கா எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள்.

"இதைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்கின?"

"ஆமா."

"நீ பார்த்திருந்தா உனக்குத் தெரியாம இருந்திருக்காது."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ வாங்கித் தந்ததாச்சேன்னு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காம இழுத்தேன்டா" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாமாவிடம் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன்.

"மாட்டேன். சொன்னா அவருக்கு வலிக்கும், உனக்குச் சந்தோஷமா இருக்கும். அந்தச் சந்தோஷம் உனக்கு எதுக்கு?"

"நீ ஏன்க்கா இழுத்த? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்டுலயே இருன்னுவாரு. அங்கே போனா கடல் இருக்கு, காத்து இருக்கு. போன வாரம் அவர் நாற்காலியில தூங்கிட்டாரு. கழி வளைஞ்சுது. நானே இழுத்தேன், இத்தனை பெரிசு." முழங்கை வரைக்கும் காட்டினாள். உடனே கையை மடக்கிக்கொண்டாள், என்மேல் கோபம் என்பது ஞாபகம் வந்துவிட்டது போல. "வண்டி செஞ்சு கொண்டா. கடையில வாங்காதே, நீயே செய். நான் இழுக்கிற மாதிரி செய். அதுவரைக்கும் என்கிட்டே பேசாதே."

ஏப்ரல் 9, புதன்

கெடுவான் கேடு நினைப்பான். சரி, நினைத்தாயிற்று. இப்போது வேலையைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மொட்டை மாடியில் பட்டறை. அந்தப் பலூன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். அச்சு துருப்பிடிக்காத கம்பி, நைலான் புஷ். இந்தத் தடவை பின் இல்லை, இரண்டு நட்டு, ஒன்றின் மேல் ஒன்று. சக்கரம் கடைசியில் இல்லை, சுமைக்கு நேர் கீழே. கையில் கனமே தெரியக் கூடாது. செங்கல்லை ஏற்றி என் மனைவியை ஒற்றை விரலால் இழுக்கச் சொன்னேன். இழுத்துவிட்டு, "இதையே முதல்ல செஞ்சிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கைப்பிடி. அக்காவின் இடுப்பு உயரத்துக்கு அளந்து, வெல்டு வைத்துவிட்டேன். ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆறடி ஆள் பிடித்தால் குனிந்தே நடக்க வேண்டும், குதிகாலில் இடித்துக்கொண்டே வரும்.

பழி தீர்ந்துவிட்டதா? இல்லை. பொய் எழுதக் கூடாது. அந்தக் கடைசி வெல்டு வைக்கும்போது மாமாவின் முதுகைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

அக்காவின் காலில் கட்டுப் பிரித்தாயிற்று. வண்டியை வாசலில் விட்டேன். அக்கா திருப்பிப் போட்டாள். ஒவ்வொரு நட்டாகக் கையால் திருகிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, "என்னடா இது, குழந்தைகளுக்குச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

மாமா போன். "உங்க அக்கா விடியறதுக்குள்ளயே கிளம்பிட்டாடா. நான் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள வண்டி தெருமுனை தாண்டிடுச்சு. அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் நீட்டித் தாயேன்."

"வெல்டு வெச்சாச்சு மாமா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

வேண்டுமானால் அறுத்து ஒட்டலாம். அரைமணி நேர வேலை.

ஜூன் 15, ஞாயிறு

நானே கடற்கரைக்குப் போனேன். அக்கா இன்னும் பேசவில்லை, பார்த்துவிட்டாவது வருவோம் என்று.

ரோடு முடிகிற இடத்தில் நின்றேன். அக்கா தூரத்தில், கூழாங்கல் சரிவில், வண்டியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். லேசாக நொண்டினாள். அந்த நொண்டல் இனி போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வேகம் குறையவில்லை.

மாமா இங்கேயே, என் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் நாற்காலி. "வண்டியில இடம் இல்லைன்னுட்டா" என்றார். அவர் கையில் சுமையைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும், யோசிக்கவே யோசிக்காமல், வாளியை என் பக்கம் நீட்டினார். என் கையும், பாழாய்ப்போன பழக்கம், தானாக முன்னால் போனது.

பிடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தினேன். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "மெதுவா வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாறையில் அக்கா இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "தண்ணி ஏறுது, சீக்கிரம் உட்காரு" என்றாள். மாமா பாதி வழியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர நேரமாகும் போலிருந்தது. நாங்கள் இரை கோக்க ஆரம்பித்தோம்.