துரைக்குச் சாப்பாடு ஆச்சா?

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் அவரவர் வேலையாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். போன் என்றால் நீ உடனே ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். உன் துரைக்கு உடம்பு சரியில்லை. முந்தாநாள் காலையில் முதல் டிரைவிங் வகுப்பு எடுக்கக் கிளம்பும்போது பார்த்தேன். வயிறு பட்டாணி விழுங்கியது போல உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருந்தான். தோகை மாதிரி விரித்துக்கொண்டு திரிவானே அந்த நீல வால், அது ஓரமெல்லாம் நைந்து பழந்துணி போலத் தொங்கியது. உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்குறான் போல" என்றார். அவரே டிவி முன்னால் அப்படித்தான் சாய்ந்து தூங்குவார் என்பதால் நானும் முதலில் நம்பினேன். விரலால் கண்ணாடியைத் தட்டினேன். வழக்கமாக விறைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவன், கண்ணை மட்டும் உருட்டினான்.

அன்றைக்கு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவளை வளர்ப்பு மீன் கடை இருக்கும் தெருவழியாகவே காரை விடச் சொன்னேன். போனில் எடுத்த படத்தைக் கடைக்கார அம்மாள் பெரிதாக்கிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் செதில்கள் சிலிர்த்து நிற்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பொழைக்க வழி இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடறீங்க?" என்றார். காலையில் ஒரு தடவை, நான்தான் என்றேன். "ஒரு தடவைக்கு இப்படி ஊதாதேம்மா. வீட்ல விசாரிச்சுப் பாருங்க" என்றார்.

சாப்பிடும்போது விசாரித்தேன். உன் மாமா, "மத்தியானம் நான் போடலைன்னா அது பட்டினியால்ல கிடக்கும்?" என்றார். என் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வேலை விட்டு வந்ததும் போடுவேன்" என்றான். நீ இருந்தவரை அவன் அந்தத் தொட்டிப் பக்கம் திரும்பியதில்லை என்பது உனக்கே தெரியும். இப்போது சட்டை மாற்றுவதற்கு முன்னால் போய் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறான். ஒரே வீட்டில் மூன்று பேர், விரல் நீள மீன் ஒன்றுக்கு, ஒருவருக்கொருவர் மூச்சு விடாமல் விருந்து வைத்திருக்கிறோம். துரை தின்றது போக மிச்சமெல்லாம் கூழாங்கல்லுக்கு அடியில் அழுகிக் கிடந்தது.

கடைக்கார அம்மாள் சொன்னபடி, அகலமான வெள்ளை டப் ஒன்றில் பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி துரையை மாற்றிவிட்டோம். மேலே வந்து மூச்சு வாங்குகிற சாதி என்பதால் தண்ணீர் ஆழமாக இருந்தால் அவனுக்குச் சிரமமாம். எப்சம் உப்பு என்று ஒன்று கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் நம்ம பேதி உப்பு. அதை டம்ளரில் கரைத்துச் சிறிது சிறிதாக விட வேண்டும். வயிறு வற்றும்வரை சாப்பாடு கிடையாது. வால் அழுகலுக்கு இப்போதைக்குச் சுத்தமான தண்ணீரே மருந்து, தினமும் மாற்ற வேண்டும்.

தொட்டி ஹீட்டரை நீ எவ்வளவில் வைப்பாய், தேறினால் முதலில் எதைக் கொடுக்கலாம் என்று எழுது. நேரமில்லை என்றால் விட்டுவிடு, கடையில் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கம்பக்கத்தில் உன்னை விசாரிக்கிறார்கள். ஆபீஸில் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயாகக் கேட்டு வாங்கிய மாற்றல் என்பது என்னோடு இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை

* * *

அன்பு மருமகளுக்கு,

உன் பதில் வந்தது. நாலு வரி என்றாலும் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. செத்துவிட்டால் எழுத வேண்டாம் என்று கடைசியில் எழுதியிருந்தாய். அதனால் உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். துரை இருக்கிறான்.

நடுவில் ஒரு நாள் கை விட்டுப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அடியில் படுத்தவன் மூச்சு வாங்கக்கூட மேலே வர முடியாமல் பாதியில் புரண்டு விழுந்தான். உன் மாமா போய் டிவியை அணைத்தார். அந்த நேரத்தில்தான் என் பிள்ளை வேலையிலிருந்து வந்தான். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தாயையும் குழந்தையையும் வெளியே எடுத்துவிட்டு வருகிறான். கையில் கிரீஸ் கூடக் கழுவவில்லை. கழுவிவிட்டு வந்து டப்பை ஒரு பக்கமாக உயர்த்தி அட்டை வைத்தான். தண்ணீர் ஒரு ஓரத்தில் விரலளவுக்கு மெலிந்தது. மீனை மெல்ல அங்கே தள்ளிவிட்டான். அங்கே படுத்தபடியே துரையால் வாயை வெளியே நீட்ட முடிந்தது.

பிறகு தரையில் உட்கார்ந்து அதனிடம் பேசினான். நான் அடுப்படியில் இருந்தேன். "பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. மூச்ச மெதுவா விடுங்க" என்றான். லிஃப்டில் மாட்டியவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று இப்படித்தான் பேசுவானாம். கூட வேலை செய்கிறவர்கள், இவன் பேச்சைக் கேட்டால் உள்ளே இருக்கிறவர்கள் அழுகையை நிறுத்திவிடுவார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் நம்பவில்லை. வீட்டில் அவன் வாயிலிருந்து நாம் இருவரும் கேட்டதெல்லாம் "ம்", "சரி", "அப்புறம் பார்க்கலாம்". அந்தக் குரல் அவனிடம் இருக்கிறது என்பதை அன்றுதான் நான் காதால் கேட்டேன். நீ கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். இதை அவனுக்காகப் பரிந்து எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மறுநாள் வயிறு வற்றத் தொடங்கியது. அது எப்படித் தெரிந்தது என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வெள்ளை டப் என்பதால் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உன் மாமா பேரன் பிறந்த மாதிரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நீ எழுதியபடி மீன் தீனிக் குருணையை ஊறவைத்துக் கொடுத்தேன். வாயில் வாங்கி, என் முகத்தைப் பார்த்துத் துப்பினான். அப்புறம் நீ சொன்ன உறைய வைத்த நீர்ப்பூச்சியை வாங்கி வந்தோம். ஐஸ் பெட்டியில் அது இருப்பது தெரியாமல் உன் மாமா ஐஸ் கட்டி என்று மோரில் போட எடுத்தார், நல்லவேளையாகப் பார்த்துவிட்டேன். அலமாரியில் நீ விட்டுப்போன புருவம் திருத்தும் ட்வீசரால் துளி எடுத்து மூக்குக்கு முன்னால் ஆட்டினால்தான் துரைக்கு இறங்குகிறது. ஊட்டுவது என் பிள்ளையின் வேலை. என் கை ஆடுகிறது, உன் மாமாவை நம்ப முடியாது. கொஞ்சம் தின்றதும் ட்வீசரைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறான்.

இப்போது பழைய தொட்டிக்கே மாற்றிவிட்டோம். வாலின் ஓரத்தில் கண்ணாடி போலப் புதுத்தோல் வளர்கிறது. பழைய நீலம் வர நாளாகும் என்றார் கடைக்கார அம்மாள். நேற்று தண்ணீர் மேல் ஒரு மூலையில் நுரையாக இருந்தது. உன் மாமா சோப்பு விழுந்துவிட்டது என்று தண்ணீரைக் கொட்டப் போனார். கடையில் கேட்டால், "ஆண் மீன் தேறிட்டா இப்படி நுரையில கூடு கட்டும்மா. ஜோடி இருக்கணும்னு இல்ல" என்றார். இதில் வேறு அர்த்தம் எதுவும் தேடாதே. தகவலுக்காக எழுதினேன்.

வீட்டில் ஒரு மாற்றம். மறுபடி ஆளாளுக்குப் போட்டுவிடக் கூடாது என்பதால் யார் தொட்டிப் பக்கம் போனாலும், "துரைக்குச் சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டாக வேண்டும். அவன் வேலையிடத்திலிருந்து இதற்காகவே எனக்குப் போன் செய்கிறான். ஆச்சு என்று நான் சொன்னால் வைத்துவிடுவான். போன வாரம் வைக்கவில்லை. "நீ சாப்ட்டியாம்மா?" என்றான். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெண், நான் பேசாததைப் பார்த்து பயந்து காரை நிறுத்திவிட்டாள்.

நேற்று என்னிடம், "மீன் சரியாயிடுச்சுன்னு அவளுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டான். "மீனப் பத்தி நான் எழுதறேன். உன்னப் பத்தி நீதான் சொல்லணும்" என்றேன். "என்ன சொல்றதுன்னு தெரியலம்மா" என்றான். எனக்கும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்வதுதான் என் பிழைப்பு. அங்கேயாவது என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுவும் கிடையாது.

அவன் உன்னைக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். கூப்பிட்டால் எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். அத்தை எழுதினாளே என்பதற்காக எடுக்காதே. துரையை உன்னிடமே கொண்டுவந்து விடச் சொன்னாலும் சரிதான். மூடியில் ஓட்டை போட்ட ஜாடியில் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு நானே வருகிறேன். என் பிள்ளை மறுக்க மாட்டான், கேட்டுவிட்டேன்.

ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்துவிடாதே. எந்த முடிவாக இருந்தாலும் பசியோடு எடுக்காதே. நீ இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும், நாளைக்கு உங்கள் இருவருக்கும் என்ன ஆனாலும், உனக்கு நான் அத்தைதான். அதில் எனக்கு மாற்றம் எதுவும் இல்லை. நன்றாக இரு, கண்ணு.

அன்புடன்,
அத்தை