கடை போனுக்குக் கூப்பிடாதே அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

எங்கள் பெயர்ப்பலகைக் கடையில் போனில் வரும் ஆர்டரை நான்தான் எழுதிக் கொடுப்பேன். எழுத்துப்பிழை வந்தால் திட்டும் எனக்குத்தான். அதனால் கடை போனையும் டிசைன் ஆப்பையும் நானே இணைத்துவிட்டேன். புரோகிராம் தெரிய வேண்டியதில்லை, திரையில் பெட்டிகளைக் கோடிழுத்துச் சேர்த்தால் போதும். இப்போது வாடிக்கையாளர் பேசுவது அப்படியே டிசைனர் திரையில் எழுத்தாக வருகிறது.

முதலாளி கத்தினார். “போன் எடுக்கறவளுக்கு எதுக்கு இந்த வேலை? கழட்டு!”

“கழட்டிடறேன் சார். நாளையிலேர்ந்து போனை நீங்களே எடுங்க.”

கழட்ட வேண்டாம் என்று கையாட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நேற்று நீ கேட்ட “சாப்பிட்டியாடி?”யும் ஆர்டராகப் போய்விட்டது. டிசைனர் அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.

இனி என் கைப்பேசிக்கே கூப்பிடு, தினமும் கூப்பிடு. கடை போன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் சின்னவள்